லாரியின் வெளிச்சம் எங்கே விழுகிறது?

கொச்சியில் தொடங்கி, மூணாறு மலையேறி இறங்கி, மதுரை, சிவகங்கை வழியாக வரும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியில் கடலருகே வந்து முடிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் அவ்வூர் வழியாகத்தான் செல்கிறது. பாக் நீரிணைக் கரையில் பிடிபடும் மீனும் நண்டும் பனிக்கட்டியோடு பெட்டிகளில் அடைபட்டு, இரவோடு இரவாக இவ்விரு சாலைகளிலும் லாரி ஏறிப் போகின்றன. ஊரை விட்டு வெளியே வந்தால் தெருவிளக்கு கிடையாது. உவர் நிலமும் கருவேல முள்ளும்தான். விடியுமுன் சைக்கிளில் கடலுக்குப் போகிறவர்களும், ஓரமாக நடந்து வருகிறவர்களும், தாரின் சூட்டுக்காகச் சாலையில் படுத்துக் கிடக்கும் மாடுகளும் லாரியின் முகப்பு விளக்கு பட்டால்தான் ஓட்டுநர் கண்ணுக்கு உண்டு, படாவிட்டால் இல்லை.

என் ஊர் அது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால், விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் ஊரில் பழுதான மின்சாமான்கள் என்னிடம் வந்து சேரும். இம்முறை ஒரு லாரியே வந்து சேர்ந்தது. பதினைந்து ஆண்டு ஓடிய சிறு லாரி. ஏழு அங்குல வட்ட விளக்கு. 12 வோல்ட்டு மின்சாரம். அதை ஓட்டும் அண்ணன் என்னைச் சிறுவனாகப் பார்த்தவர்.

"தம்பி, இந்தப் புதுப் பல்பு மாட்டி ஒரு மாசமாச்சு. எதிர்ல வர்றவன் எல்லாம் எனக்கு பிரைட் அடிச்சுத் திட்டிட்டுப் போறான். அவ்வளவு வெளிச்சம். ஆனா எனக்கு முன்ன தெரிஞ்ச ரோடுகூட இப்பத் தெரியலப்பா. நம்புதாளைக்கு அந்தாண்ட ஒரு சைக்கிள்காரரை நூலிழையில தப்பவிட்டேன். இது என்ன கணக்கு?"

எதிரே வருபவனுக்குத் தாங்க முடியாத வெளிச்சம். ஓட்டுகிறவருக்குப் போதாத வெளிச்சம். ஒரே விளக்கில் இரண்டும் எப்படி நிகழும்? இக்கேள்விக்கு விடை தேடியபோது, பல்புப் பெட்டி, நமது பாடநூல், சாலையோரத்துக் கறுப்பு ஒட்டுத்தாள், மோட்டார் வாகன விதி ஆகிய எல்லாமே ஏறக்குறைய ஒரே பிழையைச் செய்வதைக் கண்டேன். வெளிச்சம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது எங்கே விழுகிறது என்று கேட்பவர் குறைவு.

பெட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன்மேல் பெரிய எழுத்தில் 200 வாட்டு, 20,000 லூமென் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே எல்.இ.டி. வகைப் பல்புகள் இரண்டு. தலைப்பெட்டித் தீக்குச்சி அளவுக்கு மெல்லிய பலகையின் இருபுறமும் மஞ்சள் சில்லுகள், பின்னால் ஒரு குட்டி விசிறி. 200 வாட்டு உண்மையானால், 12 வோல்ட்டில் 16.7 ஆம்பியர் ஓட வேண்டும். அந்த லாரியில் விளக்குக்கு உள்ள உருகி 15 ஆம்பியர்தான். ஒரு மாதமாக அது உருகவில்லை என்பதே பெட்டியின் கூற்றில் ஐயம் எழுப்பியது. அம்மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒரு பல்பு 2 ஆம்பியர் எடுத்தது. அதாவது 24 வாட்டு. இத்தகைய சில்லுகள் வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று தாராளமாகவே கொண்டாலும், ஒரு பல்புக்கு 2,400 லூமென் வரும். பெட்டியில் சொன்னதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

ஆயினும் 2,400 லூமென் என்பது சிறிய தொகை அன்று. அந்த இடத்தில் முன்பு இருந்த எச்4 வகை ஹாலஜன் பல்பு, ஓட்டுநர்கள் 'டிம்' என்று சொல்லும் தாழ்கற்றையில் தருவது சுமார் 1,000 லூமென்தான். ஆகவே இரண்டு மடங்குக்கு மேல் ஒளி கூடியிருப்பது உண்மையே. பெட்டி பெருக்கிச் சொன்னதைக் கழித்துவிட்டாலும் கேள்வி அப்படியே நிற்கிறது: இருமடங்கு ஒளி எங்கே போயிற்று?

அன்று இரவு ஒரு மீன் கிட்டங்கியின் வெள்ளைச் சுவருக்கு எதிரே லாரியை நிறுத்தினோம். விளக்குக்கும் சுவருக்கும் இடையே 10 மீட்டர். பழைய ஹாலஜன் பல்பை இடப்பக்கத்திலும், புதுப் பல்பை வலப்பக்கத்திலும் மாட்டி, ஒன்றை மூடி ஒன்றைப் பார்த்தோம். ஹாலஜன் பல்பு சுவரில் ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. கோட்டின் இடப்பக்கம் மட்டும் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து ஏறியது. புதுப் பல்பில் கோடே இல்லை. நடுவில் ஒரு வெண்மைத் திட்டு, அதைச் சுற்றி மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிதறிய ஒளி, கூரை ஓடுவரை. "சுவரே வெளுத்துப் போச்சு" என்றார் அண்ணன், சற்றுப் பெருமையாகவே. அந்தக் கூரை ஓட்டில் விழுந்த ஒளிதான் எதிரே வருபவர் கண்ணில் விழும் ஒளி என்று சொன்னதும் பேச்சு நின்றது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'பரவளைய ஆடியின் குவியத்தில் ஒளிமூலத்தை வைத்தால் இணைகற்றை கிடைக்கும். எனவே இது மோட்டார் வண்டிகளின் முகப்பு விளக்குகளில் பயன்படுகிறது' என்று பள்ளியிலும் கல்லூரியிலும் சொல்லித் தருகிறோம். நானும் பத்தாண்டாக அப்படியே சொல்லி வந்திருக்கிறேன். வாக்கியம் பிழையன்று; ஆனால் பாதிதான். அது 'பிரைட்' எனப்படும் உயர்கற்றைக்கு மட்டுமே பொருந்தும். இரவு முழுவதும் எதிரே வண்டி வரும் சாலையில் பயன்பட வேண்டியது தாழ்கற்றை. அதன் இழை குவியத்தில் இல்லை. வேண்டுமென்றே குவியத்தை விட்டு விலக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் தெரியும். உயர்கற்றை இழை குவியத்தில் அமைகிறது. தாழ்கற்றை இழை குவியத்துக்குச் சற்று முன்னால், கண்ணாடி முகப்பை நோக்கி அமைகிறது. குவியத்துக்கு முன்னால் உள்ள மூலத்திலிருந்து வரும் கதிர்கள் ஆடியில் பட்டுத் திரும்பும்போது இணையாகச் செல்லாமல் அச்சை நோக்கிக் குவியும். அதாவது, ஆடியின் மேற்பாதியில் பட்ட கதிர்கள் கீழ்நோக்கிச் சாயும்; கீழ்ப்பாதியில் பட்டவை மேல்நோக்கிச் சாயும். மேல்நோக்கிச் சாய்பவைதான் எதிராளியின் கண்ணைக் குத்துபவை. ஆகவே இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணத்தை வைத்து, கீழ்ப்பாதிக்கு ஒளியே போகாமல் தடுத்திருக்கிறார்கள். சுவரில் கண்ட கோடு அந்தக் கிண்ணத்தின் விளிம்பு போட்ட நிழல்தான். விளிம்பின் ஒருபுறம் 15 பாகை சரித்து வெட்டப்பட்டிருப்பதால், கோடும் ஒருபுறம் ஏறுகிறது. இடப்பக்கம் ஓடும் நம் நாட்டில் அது இடப்புறம் ஏறி, சாலையோரத்தில் நடப்பவரைக் காட்டுகிறது. வலப்பக்கம் ஓடும் நாட்டுக்குச் செய்த விளக்கை இங்கே மாட்டினால், அந்த ஏற்றம் நேரே எதிர்வண்டியின் ஓட்டுநர் முகத்துக்குப் போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று இறக்குமதி விளக்கை வாங்குவோர் இதை ஒரு முறையாவது சுவரில் அடித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு இழைகளை ஒரே பல்பில் வைக்கும் வழி 1925இல் பைலக்ஸ் பல்பாக ஜெர்மனியில் வந்தது. ஓரம் ஏறும் கோடு 1957இல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்தது. எச்4 பல்பு 1971இல் வந்தது. இத்தனை ஆண்டு உழைப்பும் வாட்டைக் கூட்டுவதற்காக மட்டும் நடக்கவில்லை; மேலே போகும் ஒளியை அடக்குவதற்காகவும் நடந்தது.

இப்போது அந்தப் புதுப் பல்பின் குற்றம் விளங்கும். ஹாலஜன் இழை சில மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சுருள். எல்லாப் பக்கமும் ஒளி வீசுவது. சில்லுப் பலகையோ தட்டையானது. இரு பக்கம் மட்டும் வீசுவது. இழை இருந்த இடத்தில் மிகச் சரியாக உட்காருவதும் அரிது. ஏழு அங்குல விளக்கின் ஆடிக்குக் குவியத்தூரம் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மூலம் 1 மில்லிமீட்டர் மேலோ கீழோ விலகினால், ஆடியின் நடுப்பகுதியிலிருந்து வரும் கற்றை 1/27 ரேடியன், அதாவது சுமார் 2 பாகை திரும்பிவிடும். 50 மீட்டர் தொலைவில் அது 1.8 மீட்டருக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் பிழை, சைக்கிள் சக்கரத்தில் விழ வேண்டிய ஒளியைச் சைக்கிள்காரரின் தலைக்கு மேலே ஏற்றிவிடும். மாணவர்கள் ஒரு சவர ஆடியையும் டார்ச்சுப் பல்பையும் வைத்து இதைச் செய்துபார்க்கலாம். பல்பை நூலளவு அசைத்தாலே எதிர்ச்சுவரில் ஒளித்திட்டு துள்ளிக் குதிக்கும்.

அண்ணனுக்கு ஏன் சாலை தெரியவில்லை என்பதற்கும் விடை இங்கேதான் உள்ளது. சிதறிய ஒளியில் பெரும்பங்கு லாரிக்கு முன்னாலேயே பத்துப் பதினைந்து மீட்டருக்குள் தரையில் கொட்டுகிறது. பக்கத்துத் தரை பளிச்சென்று இருந்தால் கண் அந்தப் பிரகாசத்துக்குப் பழகிக்கொண்டு, தொலைவிலுள்ள மங்கலைக் காணும் திறனை இழக்கிறது. மேலே போகும் ஒளி கடற்கரையின் ஈரக் காற்றில் பட்டுத் திரும்பி ஓட்டுநர் கண்ணுக்கே வருகிறது. வெண்மைப் புகைக்குள் ஓட்டுவதுபோல் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

எதிரே வருபவர் நிலை இதைவிடக் கொடியது. வலுத்த ஒளி கண்ணுக்குள் புகும்போது, விழிவில்லையிலும் விழிநீர்மங்களிலும் சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெளிச்சத் திரையாகப் படர்கிறது. 1920களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்னும் இருவர் இதை அளந்தனர். கண்ணில் விழும் லக்ஸ் அளவைப் பத்தால் பெருக்கி, விளக்குக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் இருமடியால் வகுத்தால் திரையின் ஒளிர்வு கிடைக்கும். ஒழுங்காக அமைந்த எச்4 விளக்கு எதிராளியின் கண் இருக்கும் புள்ளியில், 25 மீட்டரில், 0.4 லக்ஸுக்கு மேல் தரக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. 50 மீட்டரில் அது 0.1 லக்ஸ், இரு விளக்குக்கும் 0.2. கோணம் 4 பாகையானால் திரையின் ஒளிர்வு 10 × 0.2 ÷ 16, அதாவது சதுர மீட்டருக்கு 0.125 கேண்டெலா. மங்கலாக ஒளியூட்டப்பட்ட தார்ச்சாலையின் ஒளிர்வும் ஏறக்குறைய இவ்வளவுதான். விதிப்படி அமைந்த விளக்கே நம் பார்வையில் பாதியைத் தின்றுவிடுகிறது என்று பொருள். விளக்கு கோணல்பட்டு அந்த இடத்தில் பத்து மடங்கு ஒளியை அனுப்பினால், சாலையைவிடப் பத்து மடங்கு பிரகாசமான திரைக்குப் பின்னால் சைக்கிள்காரர் மறைந்துபோவார். உயர்கற்றையை இறக்காமல் வருபவர் பத்து மடங்கோடு நிற்பதில்லை; அக்கற்றையின் உச்சத்துக்கு அதே விதி கேட்கும் குறைந்த அளவே 25 மீட்டரில் 48 லக்ஸ். 0.4 உடன் ஒப்பிட்டால் 120 மடங்கு.

கண்கூச்சத்துக்கு நம் ஊர்களில் வழக்கமாகச் செய்யும் மருந்து கறுப்பு. விளக்கின் நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு ஒட்டுத்தாள். அல்லது மேற்பாதி முழுக்கக் கறுப்பு வண்ணம். போக்குவரத்துச் சோதனையின்போது ஒட்டி விடுவதைப் பலரும் பார்த்திருப்போம். நல்ல எண்ணத்தில் பிறந்த வழக்கம்தான். ஆனால் இயற்பியல் என்ன சொல்கிறது? 'குவிவில்லையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பம் பாதியாகுமா?' என்று தேர்வில் கேட்போம். ஆகாது, முழுப் பிம்பமும் கிடைக்கும், பிரகாசம் மட்டும் குறையும் என்று மாணவர்கள் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். உயர்கற்றைக்கு அதே விடைதான். ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய அதே திசையில் ஒளியை அனுப்புவதால், நடுவில் ஒட்டிய வட்டம் கற்றையைக் கீழே திருப்பாது. சிறிது மங்கச் செய்யும், அவ்வளவே. எச்4 பல்பின் நுனியிலேயே நேரே முன்னால் வரும் ஒளியைத் தடுக்கக் கறுப்புப் பூச்சு உண்டு. அதற்கு நேர் எதிரே கண்ணாடியில் இன்னொரு கறுப்பு ஒட்டுவதால் பயன் மிகச் சொற்பம்.

மேற்பாதியைக் கறுப்பாக்குவது பயனற்றது மட்டுமன்று, தீங்கானது. சற்றுமுன் கண்டோம்: தாழ்கற்றை முழுவதும் ஆடியின் மேற்பாதியிலிருந்தே பிறக்கிறது, கண்ணாடியின் மேற்பாதி வழியாகவே பெரும்பாலும் வெளியேறுகிறது. அதை மூடினால் டிம் விளக்கின் உயிரே போய்விடும். டிம் போட்டால் ஒன்றும் தெரியாத ஓட்டுநர் என்ன செய்வார்? இரவெல்லாம் பிரைட்டிலேயே ஓட்டுவார். கண்கூச்சத்தைத் தடுக்கப் பூசிய வண்ணம் கண்கூச்சத்தையே வளர்க்கும். ஐயம் உள்ளவர்கள் எச்4 பல்பு மாட்டிய பழைய வட்ட விளக்கில் டிம் போட்டு, ஓர் அட்டையால் கண்ணாடியின் மேற்பாதியையும் பிறகு கீழ்ப்பாதியையும் மூடிச் சுவரைப் பார்க்கட்டும். எது மூடினால் சுவர் இருட்டாகிறது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இதைப் பற்றியது. விளக்கின் கற்றை கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தொலைவில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து 0.5 மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்கு அது கூச்சம் தரக்கூடாது என்பது அதன் சாரம். வாட்டைப் பற்றிப் பேசாமல் கண் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறதே என்று முதலில் மகிழ்ந்தேன். கணக்குப் போட்டதும் மகிழ்ச்சி குறைந்தது.

லாரியின் விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 8 மீட்டரில் 1.5 மீட்டர் உயரத்தை எட்ட, கற்றையின் மேல் விளிம்பு 3.6 பாகை மேல்நோக்கிச் சாய வேண்டும். 3 பாகை மேலே சாய்ந்த விளக்கு அந்தப் புள்ளியில் 1.42 மீட்டரோடு நின்றுவிடும். அங்கே கண் வைத்தவருக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அதே விளிம்பு 50 மீட்டரில் 3.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். காரில் வருபவர், பஸ்ஸில் வருபவர், சைக்கிளில் வருபவர் எல்லாரும் ஒளிக்குள் மூழ்கியிருப்பார்கள். 'கீழ்நோக்கி' என்ற சொல் விதியில் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் எவ்வளவு கீழே என்பதற்கு விதி தரும் அளவுகோல் அந்த ஒரு புள்ளிதான். அப்புள்ளியோ மேல்நோக்கிய கற்றையையும் தேறவிடுகிறது. கூச்சம் என்றால் எத்தனை லக்ஸ் என்றும் அங்கே எண் இல்லை. எட்டு மீட்டர் என்பது இரு வண்டிகள் ஏறக்குறைய ஒன்றையொன்று கடந்துவிட்ட தொலைவு. கண் குருடாவது அதற்கு வெகு முன்னரே. புதிதாக வரும் வண்டி வடிவங்களுக்கு ஒப்புதல் தரும்போது ஏ.ஐ.எஸ். 008 முதலிய தரவிதிகள் விரிவாகப் பார்க்கின்றன. ஆயினும் பதினைந்து ஆண்டு ஓடி, மூன்று முறை பல்பு மாறி, ஒரு முறை முட்டி நிமிர்த்திய லாரியை மடக்கிப் பார்க்கும் காவலர் கையில் இருப்பது 106ஆம் விதிதான். 25 மீட்டரில் இத்தனை லக்ஸ், 10 மீட்டரில் இத்தனை சென்டிமீட்டர் இறக்கம் என்று அது பேசினால், ஒரு சுவரும் ஒரு நாடாவும் கொண்டு எவரும் சோதித்துவிடலாம்.

அண்ணனின் அடுத்த கேள்வி நியாயமானது. "இந்தப் பல்பு வேணாம்னா, பழைய பல்புலயே பெரிசு இருக்கே. 100/90 போட்டா ஆகாதா?" சந்தையில் அது தாராளமாகக் கிடைக்கிறது, விளக்குக்கு ஒப்புதல் பெற்ற அளவோ 60/55 வாட்டுதான். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம் என்று வோல்ட்டுமீட்டரை எடுத்தோம். என்ஜினை அணைத்து, டிம் விளக்குகளை எரியவிட்டபோது பாட்டரி முனையில் 12 வோல்ட்டு. பல்பு ஹோல்டரில் 11. வழியில் ஒரு வோல்ட்டு காணவில்லை. கடற்கரை லாரிக்கே உரிய நோய் இது: உப்புக் காற்றில் ஹோல்டர், சுவிட்சு, பாடி எர்த்து எல்லாம் பச்சையும் துருவும் பூத்துக் கிடந்தன.

ஒரு வோல்ட்டுதானே என்று தோன்றும். ஆனால் இழைப் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் படியைப் பொறுத்தது. அழுத்தம் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்தால் ஒளி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். இரு 55 வாட்டுப் பல்புகளுக்கும் சேர்த்து 8.4 ஆம்பியர் ஓட, ஒரு வோல்ட்டு விழுகிறது. ஆகவே வழியின் தடை சுமார் 0.12 ஓம். இதே வழியில் 90 வாட்டு இழையைப் போட்டால் மின்னோட்டம் 13 ஆம்பியராக ஏறும். பல்புக்குக் கிடைப்பது 10.4 வோல்ட்டாக இறங்கும். ஒளி தன் முழு அளவில் நூற்றுக்கு 62 பங்குதான் இருக்கும். 90இல் 62 பங்கு 56. ஆக, பழைய வயரில் 90 வாட்டுப் பல்பு தரும் ஒளியும், சுத்தமான வயரில் 55 வாட்டுப் பல்பு தரும் ஒளியும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு எங்கே என்றால், வழியில் வீணாகும் வெப்பம் 8 வாட்டிலிருந்து 20 வாட்டுக்கு ஏறும். 25 வாட்டில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் கடையில் கிடைக்கிறது. ஏறக்குறைய அப்படியொன்றைப் பழைய சுவிட்சுக்குள்ளும் துருப்பிடித்த ஹோல்டருக்குள்ளும் பகிர்ந்து வைத்து இரவெல்லாம் ஓட்டுவதற்குச் சமம் அது. (இழை குளிர்ந்தால் அதன் தடையும் சிறிது மாறும், அதைக் கணக்கில் எடுக்கவில்லை. முடிவு பெரிதாக மாறாது.)

வெளிச்சத்தை உண்மையாகவே இருமடங்காக்கினாலும் வெகுதூரம் தெரிந்துவிடாது. எதிர் இருமடி விதிப்படி, அதே லக்ஸ் கிடைக்கும் தூரம் 1.41 மடங்குதான் கூடும். பாரம் ஏற்றிய லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். நொடிக்கு நொடி 4 மீட்டர் வீதம் வேகம் தணிந்தால் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 60. அதே லாரி 80இல் வந்தால் 95 மீட்டர். டிம் விளக்கின் கோடு தரையைத் தொடும் தூரத்தை இத்துடன் ஒப்பிட வேண்டும். 1 மீட்டர் உயர விளக்கு, நூற்றுக்கு ஒன்று இறக்கத்தில் 100 மீட்டரில் தரையைத் தொடும். நூற்றுக்கு இரண்டில் 50 மீட்டர்தான். பல்பு எதுவானாலும் இந்தக் கணக்கு ஒன்றே.

இனி, மெக்கானிக் கடைகளில் அடிக்கடி விடுபடும் ஒன்று. விளக்கைத் திருப்பிச் சரிசெய்வது பகலில், காலி லாரியில். தொண்டி லாரி இரவில் ஓடுவதோ மீனும் பனிக்கட்டியும் நிரம்பிய பாரத்தோடு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 4 மீட்டர் என்க. பாரம் ஏறியதும் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 10 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினால், லாரியின் மூக்கு நூற்றுக்கு 2.5 பங்கு மேலே தூக்கும். காலியாக இருந்தபோது நூற்றுக்கு ஒன்று கீழே பார்த்த விளக்கு இப்போது 1.5 மேலே பார்க்கிறது. 50 மீட்டரில் அதன் கோடு 1.75 மீட்டர் உயரத்தில். கார் ஓட்டுநரின் கண் அதற்கு வெகு கீழே. தகுதிச் சான்று வாங்கிய அன்று சரியாக இருந்த விளக்கு, அன்றிரவே தவறாகிவிடும். திருகை யாரும் தொட வேண்டியதில்லை. புதிய வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே விளக்கை ஏற்றி இறக்க ஒரு குமிழ் இருக்கிறது. பழைய லாரியில் அது கிடையாது. ஆகவே எந்தப் பாரத்தோடு இரவில் ஓடுமோ அந்தப் பாரத்தோடுதான் திருப்ப வேண்டும்.

அப்படியே செய்தோம். புதுப் பல்புகளைக் கழற்றிவிட்டு 60/55 ஹாலஜன் பல்புகளை மாட்டினார் உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரீசியன். பாட்டரியிலிருந்து நேரே தடித்த வயர் இழுத்து, உருகி வைத்து, டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. பழைய சுவிட்சு இனி ரிலேக்களை மட்டும் இயக்கும். எர்த்து வயரைத் துருவில்லாத இரும்பில் சுரண்டி முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார். ஹோல்டரில் இப்போது 11.8 வோல்ட்டு. ஆடியின் உட்பூச்சு மங்கியிருந்த வலப்பக்க விளக்கை மட்டும் புதிதாக வாங்கினோம். மங்கிய ஆடியில் எந்தப் பல்பும் பயன் தராது, துடைத்தால் பூச்சு போய்விடும்.

மறுநாள் மாலை, பெட்டிகள் ஏறி, டயர்களில் காற்று சரிபார்த்து, அண்ணன் இருக்கையில் அமர, சமதரையில் அதே சுவருக்கு 10 மீட்டர் எதிரே நிறுத்தினோம். விளக்கின் நடுவுயரத்தை நாடாவால் அளந்து சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. அதற்கு 15 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. கார் போன்ற தாழ்ந்த விளக்குக்கு 10 சென்டிமீட்டர் போதும். 1 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த விளக்குக்கு 15 முதல் 20 வரை வைப்பது நல்லது. ஒவ்வொரு விளக்கின் நேர் எதிரேயும் ஒரு செங்குத்துக் கோடு. ஒரு விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு, மற்றதன் டிம் வெளிச்சத்தைத் திருகால் இறக்கி, அதன் விளிம்பு கீழ்க்கோட்டில் படியுமாறும், இடப்புறம் ஏறத் தொடங்கும் முனை செங்குத்துக் கோட்டில் அமையுமாறும் வைக்க வேண்டும். இடம் குறுகினால் 5 மீட்டரில் நிறுத்தி இறக்கத்தையும் பாதியாக்கலாம். பிரைட்டைத் தனியாகத் திருப்ப வேண்டியதில்லை. ஒரே பல்பு, ஒரே ஆடி என்பதால் அதுவும் உடன் வரும்.

காலியாகத் திரும்பும்போது இந்த விளக்கு நூற்றுக்கு நான்கு பங்கு கீழே பார்க்குமே என்று வாசகர் கேட்பார். ஆம், 25 மீட்டருக்குள் தரையில் விழும். அண்ணன் மீனை இறக்கிவிட்டு விடிந்தபின்தான் திரும்புவார். அவருக்கு அது பொருட்டன்று. இரவில் இரு வழியும் ஓடும் லாரிக்கு இடைப்பட்ட ஓர் இறக்கம் வைத்து, காலியாக வரும்போது வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வலப்பக்க விளக்கு பத்து நிமிடத்தில் கோட்டுக்கு வந்தது. இடப்பக்கத்தின் திருகு உப்பில் இறுகிப்போய் அசைய மறுத்தது. சைக்கிள்காரரைக் காட்ட வேண்டிய பக்கம் அதுதான். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் திருகைச் சூடாக்கித்தான் திருப்ப முடிந்தது. அந்த ஓர் இரவு அண்ணன் லாரியை எடுக்கவில்லை. சரக்கு வேறு வண்டியில் போயிற்று.